11 ஸ்க்ரீன்ஷாட்டும் ஒரு ஹோம்வொர்க் கேள்வியும்

சரி, ரெக்கார்ட் ஆகிறதா? ஆகிறது. போன வீடியோவில் மைக்கை ஆன் செய்யாமலே பாதி பேசிவிட்டேன், அதனால்தான் இந்தச் சந்தேகம். செடி வீடியோ அடுத்த வாரம். இன்றைக்குப் பேச்சு புல்லியிங் பற்றி, அதாவது ஒரு பிள்ளையைக் குறிவைத்துச் சீண்டுவது பற்றி. நான் சரியான கடுப்பில் இருக்கிறேன்.

அண்ணன் மகள் நாலு நாளாகப் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். டிங் என்றால் தோள் குறுகும். நான் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தேன். மூன்றாவது போர்வைக்கு வரும்போது, "அத்தை, சொன்னா போனைப் பிடுங்க மாட்டீங்கல்ல?" என்றாள். முதல் கவலையே அதுதான், பாருங்கள். போன் போய்விடும் என்ற பயத்திலேயே எத்தனையோ பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

விஷயம் இதுதான். அவள் கொட்டாவி விடும் படத்தை யாரோ ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். வகுப்பு க்ரூப்பில் அவள் குட் மார்னிங் சொன்னால் அந்த ஸ்டிக்கர். பாடத்தில் சந்தேகம் கேட்டால் அந்த ஸ்டிக்கர். க்ரூப்பில் 38 பேர். செய்தவன் ஒருவன், சிரித்தவர்கள் ஐந்தாறு பேர், மற்றவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள்.

உடனே ஒரு பெரியவர், யார் என்று சொல்ல மாட்டேன், "விளையாட்டுக்குத்தானே, கண்டுக்காம விடு" என்றார். எனக்கு எரிச்சல் மூட்ட இந்த ஒரு வரி போதும். விளையாட்டென்றால் இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டாமா? 1970-களிலேயே புல்லியிங்கை ஆராய்ந்த டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் அதற்கு மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதபடி பலம் ஒரு பக்கமே இருப்பது. சமபலமுள்ள இருவர் கட்டிப்புரண்டால் அது சண்டை, இது வேறு. ஸ்டிக்கரில் இன்னொரு கொடுமை, அவன் ஒரு தடவை செய்தால் போதும். மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பள்ளி மணி அடித்தாலும் நிற்காது, ராத்திரி 11 மணிக்கும் டிங்.

இனி என் சாதனைக்கு வருகிறேன். "பதில் போடாதே, பிளாக் செய்யாதே, முதலில் ஆதாரம்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டுப் போனை வாங்கினால், வெட்கத்தில் க்ரூப் மெசேஜ் மொத்தத்தையும் ஏற்கனவே அழித்துவிட்டாள்! சரி, அவள் தோழியை வரவழைத்து அந்தத் தோழியின் போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். முதல் ஸ்க்ரீன்ஷாட்டில் அனுப்பியவன் பெயரை 'பேட்டரி 5 சதவீதம்' மறைத்தது. சார்ஜரைச் சொருகினேன். அடுத்ததில் தேதி இல்லை. தேதி வேண்டும் என்று மேலே தள்ளினால் நேராகப் போன மாதத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து இறங்கி வருவதற்குள் அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்ய, ஏழாவது ஸ்க்ரீன்ஷாட்டில் அவர் முகம்தான் இருக்கிறது. மொத்தம் 11. பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரிவது நாலே நாலு. அதுவே தாராளம், வகுப்பாசிரியரிடம் கொடுத்தோம். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தச் சமாதானம் எனக்கு அறவே பிடிக்காது. பயந்த பிள்ளை இன்னும் பயப்படும். ஆசிரியர் தனித்தனியாகத்தான் பேசினார், ஸ்டிக்கர் நின்றது. இந்த க்ரூப்பில் நின்றது என்று சொல்ல வேண்டும், வேறு எங்கெல்லாம் சுற்றுகிறதோ.

அய்யோ, முக்கியமானதை விட்டுவிட்டேனே. அந்தத் தோழியை ஏன் கூப்பிட்டேன் தெரியுமா? சிரிப்பு எமோஜியாகக் குவிந்துகொண்டிருந்தபோது, நடுவில் அவள் மட்டும் "கணக்கு ஹோம்வொர்க் எந்தப் பக்கம்?" என்று கேட்டிருந்தாள். கண்டிக்கவில்லை, வீர வசனம் பேசவில்லை. எல்லாரும் பக்க எண்ணுக்குப் போய்விட்டார்கள், அன்றைக்கு அதோடு சரி. கனடாவில் விளையாட்டு மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்து 2001-இல் ஒரு ஆய்வு வெளியானது. மற்ற பிள்ளைகள் தலையிட்டது 19 சதவீதப் புல்லியிங் சம்பவங்களில்தான். ஆனால் அப்படித் தலையிட்டதில் 57 சதவீதம் பலித்தது, 10 விநாடிக்குள் தொல்லை நின்றிருக்கிறது. நான் அந்த 19-ஐப் பிடித்துக்கொண்டு புலம்புகிற ஆள். இந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு 57-தான் மனசில் நிற்கிறது.

எவ்வளவு சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றியிருக்கிறாள் என்று அண்ணன் மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இல்ல அத்தை, அவளுக்கு நெஜமாவே பக்கம் தெரியாது."