உபினில் கொத்திய அம்மி

நேயர்களுக்கு என் வணக்கம். பள்ளி விடுமுறை வந்தால் நம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போய்ச் சைக்கிள் ஓட்டிவிட்டு வருவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அப்படிப் போய் வந்தவர்களிடம் நான் தவறாமல் ஒன்று கேட்பேன்: அங்கே ஏரியைப் பார்த்தீர்களா? "பார்த்தோம், பச்சைத் தண்ணீர், சுற்றிலும் செங்குத்தான பாறை, எவ்வளவு அழகு" என்பார்கள். அது ஏரி அல்ல, நேயர்களே. அது மனிதர்கள் கல் உடைத்த பள்ளம். முன்பு அங்கே மலை இருந்தது. அதை உடைத்துக் கரைக்கு அனுப்பிய பிறகு, மிஞ்சிய குழியில் மழைநீர் நிறைந்துவிட்டது.

தீவின் பெயரே அதைத்தான் சொல்கிறது. மலாயில் உபின் என்றால் தரையில் பதிக்கும் கல். ஹொக்கியன் பேசும் சீனர்கள் அதைச் சியோ சுவா, அதாவது கல்மலை என்றார்கள். எங்கள் வீட்டிலும் கல் உடைக்கும் இடத்துக்குக் கல்லுமலை என்றுதான் பெயர். ஆக, எந்த மொழியில் கூப்பிட்டாலும் கல்தான்.

சுமார் 10 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தச் சிறிய தீவின் கல் எங்கெங்கே போயிருக்கிறது தெரியுமா? கிழக்கே பெட்ரா பிராங்கா என்ற கடற்பாறையில் 1851ல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் உபின் கருங்கல்லில் எழுந்தது. அந்தப் பாறை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அனைத்துலக நீதிமன்றம் வரை போய், 2008ல் சிங்கப்பூருக்குத் தீர்ப்பானது உங்களுக்கு நினைவிருக்கும். தெற்கே 1855ல் முடிந்த ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் உபின் கல்தான். இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளும் அதற்காக உழைத்தார்கள். பிறகு நம் உட்லண்ட்ஸ் கடற்பாலம். 1923ல் ரயில் ஓடத் தொடங்கிய அந்தப் பாலத்தின் அடியில் புக்கிட் தீமா கல்லோடு உபின் கல்லும் கிடக்கிறது. தீபாவளிக்கு முன்பு ஜோகூர் பாருவுக்குப் போய் அங்கே மணிக்கணக்கில் நெரிசலில் நிற்கிறோமே, உபினின் மேல்தான் நிற்கிறோம்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். 1980களில் நான் இளம் ஆசிரியை. சனிக்கிழமைகளில் தனியாக உபினுக்குப் போவேன். அப்போது கல்குவாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. சங்கு ஊதும், எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள், வெடி அதிரும், காப்பிக்கடையில் கோப்பைகள் ஒருமுறை நடுங்கி அடங்கும். அந்தக் கடையில் ஒரு முதியவர் தினமும் உட்கார்ந்திருப்பார். இயந்திரங்கள் வருவதற்கு முன்பு கையால் கல் பிளந்தவர். நான் அவரை அப்பேக் என்பேன், ஹொக்கியனில் பெரியவர் என்று பொருள். அவர் என்னைச் சிக்கு என்பார், மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய் மட்டும்.

ஒருநாள் பேச்சுவாக்கில், எங்கள் வீட்டு அம்மி வழுவழுப்பாகிவிட்டது, மிளகாய் அரைபடாமல் வழுக்குகிறது என்றேன். கொத்தித் தர ஆளில்லை. அப்பா இருந்தவரை அவரே உளியை வைத்துக் கொத்துவார், அவருக்குப் பிறகு அது சமையலறை மூலையில் சும்மா கிடந்தது. அப்பேக் கேட்டுவிட்டு, "கொண்டு வா" என்றார்.

கொண்டு போனேன். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டிலிருந்து சாக்குப்பையில் கட்டி, தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, 2ஆம் எண் பஸ்ஸில் சாங்கி வரை. குழவியை மடியில் வைத்திருந்தேன். உபினுக்குப் போகும் பம்போட் என்ற சிறு படகுக்குப் பன்னிரண்டு பேர் சேர வேண்டும். படகுக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உபினுக்கே கல்லா?" என்றார். படகு முழுக்கச் சிரித்தது.

அப்பேக் அம்மியைப் பார்த்ததும் உடனே உளியை எடுக்கவில்லை. முதலில் விரல் முட்டியால் நாலைந்து இடத்தில் தட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார். நம் சிற்பிகள் கல்லைத் தட்டி, ஓசையை வைத்து ஆண்கல், பெண்கல் என்று பிரிப்பார்கள் அல்லவா, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு குழவியை என் கையில் கொடுத்து, "எப்படி அரைப்பாய், காட்டு" என்றார். முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினேன். அந்தப் போக்குக்குக் குறுக்கே குழி விழும்படி கொத்தத் தொடங்கினார். டொக், டொக், டொக் என்று ஒரே சீரான ஓசை. நெல்மணி அளவுக் குழிகள் வரிசை வரிசையாக வந்தன. ஒரு குழிகூடப் பக்கத்துக் குழியைத் தொடவில்லை. அரை மணி நேரத்தில் முடிந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "எங்கள் கல் நல்ல கல், இதுவும் நல்ல கல்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, அம்மா சொல்லித் தந்தபடி, முதலில் ஒரு பிடி பச்சரிசியும் கல்லுப்பும் வைத்து அரைத்துக் கொட்டினேன். சாம்பல் நிறத்தில் வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறைதான் வெள்ளையாக வந்தது. அன்று அரைத்த தேங்காய்த் துவையலின் ருசியை என் தம்பி இன்றும் பேசுவான்.

ஏன் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கல் என்றதும் நாம் இயந்திரத்தையும் வெடியையும் நினைக்கிறோம். கையை நினைப்பதில்லை. வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தால் யானை அளவுப் பாறை கோடு போட்டதுபோல இரண்டாகும். தமிழ்நாட்டில் உங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றுகளில் அப்படிப் பல்வரிசை போலக் குழிகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே வேலைதான். பிளந்த கல் தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏறி நகரத்துக்கு வந்தது. மறுபடியும் சொல்கிறேன், அந்த ஏரி ஏரி அல்ல.

குவாரி இருந்ததால்தான் கிராமம் தழைத்தது. ஒரு காலத்தில் சுமார் 2,000 பேர் வாழ்ந்தார்கள். கடைகள், நாடக மேடை, கோயில் திருவிழா என்று கலகலப்பாக இருந்த ஊர். குவாரிகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசிக் குவாரி 1999ல் நின்றது. வேலை போனதும் பிள்ளைகள் பெரிய தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று அங்கே வசிப்பவர்கள் சில டஜன் பேர்தான். அப்பேக் உட்காரும் நாற்காலி காலியானதையும் நான் பார்த்தேன்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்த பின் கியாங் பள்ளியைப் பற்றித்தான் கடைசியாக விரிவாகப் பேச வேண்டும் என்று குறிப்பு எடுத்து வந்தேன். 1952ல் தொடங்கியது, பிள்ளைகள் குறைந்து 1985ல் மூடப்பட்டது, கட்டடமும் இன்று இல்லை. இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. உங்கள் வீட்டில் கல்லுமலையில் வேலை செய்த தாத்தா பாட்டி இருந்தால், உபினானாலும் புக்கிட் தீமாவானாலும் மண்டாயானாலும், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

உபினில் இறங்கியதும் சைக்கிள் எடுப்பதற்கு முன்பு, இடப்பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்து பெக்கான் குவாரிக்குப் போங்கள். தண்ணீரின் நடுவே இருக்கும் திட்டுகளில் சாம்பல் நாரைகள் கூடு கட்டியிருக்கும். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.