மொறிஸ் மைனர் காரின் கதவுத் திறப்பு தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

அடுத்த கேள்வியை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அப்பப்பாவின் மொறிஸ் மைனர் எங்கள் வீட்டில் நிற்கிறது. இக்னிஷன் திறப்பு இருக்கிறது, கதவுத் திறப்பைத் தொலைத்துவிட்டோம். கைப்பிடியைப் பூட்டோடு கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

வேண்டாம் தம்பி, அந்தக் கைப்பிடியில் கை வைக்காதீர்கள். தொலைந்தது திறப்பு மட்டும்தான். அந்தத் திறப்பு எப்படி இருந்தது என்ற கணக்கு முழுவதும் பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பூட்டை எறிந்தால் அதுவும் போய்விடும். இன்று புதிதாகச் செய்து விற்கும் கைப்பிடிகளில் குரோம் பூச்சும் பூட்டும் பழையதற்கு ஈடாக இருப்பதில்லை என்பது என் கருத்து.

முதலில் கையிலிருக்கும் இக்னிஷன் திறப்பைக் கதவில் போட்டுப் பாருங்கள். அந்தக் கால ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே திறப்புதான். பொருந்தவில்லை என்றால் பலவந்தமாகத் திருகாதீர்கள்.

அடுத்தது எண். 1948 முதல் 1971 வரை வந்த மைனர்களுக்கும் அதே காலத்து மற்ற ஆங்கிலேயக் கார்களுக்கும் பெரும்பாலும் பர்மிங்காமின் வில்மொட் பிரீடன் நிறுவனம்தான் பூட்டுச் செய்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறி உண்டு. இக்னிஷனில் அது பெரும்பாலும் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கதவுப் பூட்டில் உருளையை, அதாவது திறப்பு நுழைந்து திரும்பும் பகுதியை, கழற்றி அதன் பக்கவாட்டில் தேட வேண்டியிருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எஃப்எஸ் என்று தொடங்கினால் உங்களுக்கு நல்ல காலம். அந்த வரிசை 876 முதல் 955 வரைதான், மொத்தமே 80 விதங்கள். குறியைச் சொன்னாலே வெட்டிய திறப்பை அனுப்பும் கடைகள் இங்கிலாந்தில் இன்றும் இருக்கின்றன. சிப் எதுவும் இல்லாத வெறும் உலோகத் துண்டு என்பதால் விலையும் பெரிதாக வராது.

எண் தேய்ந்து போயிருந்தால்? அப்போதும் வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். திறப்பு இல்லாதபோது அவை உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சரியான திறப்பு உள்ளே போனதும் எல்லாம் ஒன்றாக அடங்கி, உருளையின் மேற்பரப்போடு சமமாகிவிடும். ஆகவே அதே வகையைச் சேர்ந்த, வெட்டாத திறப்பு ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். எந்தத் தகடு துருத்துகிறதோ, அதற்கு நேரான இடத்தில் மெல்லிய அரத்தால் சிறிது அராவ வேண்டும். மறுபடி உள்ளே விட வேண்டும், பார்க்க வேண்டும், இன்னும் சிறிது அராவ வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் தகடு எதிர்ப்பக்கமாகத் துருத்தும். அந்தத் திறப்பு பிறகு உதவாது, புதிதாக இன்னொன்றை எடுத்துத் தொடங்க வேண்டியதுதான். விரலால் தடவும்போது ஒரு தகடும் தட்டுப்படாமல் வழுவழுவென்று இருந்தால் திறப்பு தயார்.

உருளையைக் கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். தகடுகளுக்கு அடியிலிருக்கும் சுருள்வில்கள் மிகச் சிறியவை, தெறித்தால் கண்ணில் படாது. தகடுகளை வெளியே எடுக்கவே கூடாது. வரிசை மாறினால் அந்தக் கணக்கும் கலைந்துவிடும்.

நீங்களே செய்யத் தயங்கினால் வயதான திறப்பு வெட்டுபவர் ஒருவரிடம் கொடுங்கள். காரின் பதிவுப் புத்தகத்தையும் கொண்டு போங்கள், அவர் கேட்பது நியாயம். யாழ்ப்பாணத்தில் இதற்குக் கைதேர்ந்தவர்கள் கிடைக்க மாட்டார்களா? தொண்ணூறுகளில், பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40-ஐயும் ஓட்டிய ஊர் அது. அந்தக் கார்கள் இன்றும் ஓடுகின்றன என்றால் அது அந்தக் கைகளால்தான். ஒரு திறப்பு அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை.

உருளையைத் திரும்பப் பொருத்தும்போது எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும். கிராஃபைட் தூள் போதும். திறப்பு சரியாக வந்ததும் அதைப் பார்த்து இன்னொன்றும் வெட்டி வையுங்கள். பூட்டில் எண் தெரிந்தால் அதை வீட்டில் எழுதி வையுங்கள், படம் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டாம். அந்த எண் ஒன்று போதும், யார் வேண்டுமானாலும் உங்கள் காருக்குத் திறப்பு வாங்கிவிடலாம்.