கொப்பியில் எழுதியதோடு சரி

வணக்கம். திருகோணமலையில் 25 வருடம் கிளினிக் பார்த்த டொக்டர் நான். வருகிறவரிடம் "சிகரட் பத்துவீங்களா?" என்று கேட்போம். "ஓம் ஐயா" என்பார். கொப்பியில் எழுதுவோம். அவ்வளவுதான், அடுத்த துண்டு! விடுவோமா என்று கேட்பதில்லை. ஏன் என்றுதான் இன்றைக்குக் கதைக்கப்போகிறேன்.

உப்புவெளிப் பக்கத்து மீனவர் ஒருவர் தொய்வுக்கு மாதாமாதம் வருவார். ஒரு நாள் கிளினிக் முடிந்து எதிர்க்கடைக்குப் போனேன். அந்தக் காலத்துக் கடைகளில் தும்புக் கயிறு ஒன்று புகைந்தபடி தொங்கும், ஞாபகம் இருக்குந்தானே? கடைக்காரருக்கு நெருப்புப்பெட்டி மிச்சம். சிகரட்டை வாயில் வைத்துக்கொண்டு கயிற்றைத் தேடினால், அது இன்னொருவர் கையில். அவரேதான்! என்னைக் கண்டதும் பீடியை உள்ளங்கைக்குள் மறைத்துவிட்டார். கை சுட்டிருக்கும், முகத்தில் காட்டவில்லை. அப்புறம் மரியாதையாகக் கயிற்றை நீட்டினார்: "டொக்டர், நீங்க பத்துங்கோ."

நான் பத்தினேன். அடுத்த மாதம் அவருடைய கொப்பியை எழுதி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. எந்த முகத்தோடு விடச் சொல்வது?

இது எனக்கு மட்டும் வந்த வெட்கமில்லை. 1951இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டொல், பிராட்போர்ட் ஹில் என்ற இருவர் புகையைப் பற்றி ஆராயக் கடிதம் போட்டது யாருக்குத் தெரியுமா? டொக்டர்மாருக்கு. ஏறத்தாழ 40,000 பேர் பதில் எழுதினார்கள். அவர்களிலேயே ஏராளம் பேர் புகைத்தவர்கள். அதற்கு முந்திய ஆய்வின் நடுவிலேயே டொல் தானும் விட்டுவிட்டார். எனக்கு அதற்குப் பிறகும் பல வருடம் பிடித்தது, அது வேறு கதை.

வெட்கத்துக்கு அடுத்தது, சொல்லி என்ன பயன் என்ற அலுப்பு. வெளியில் வரிசை நிற்கும்போது எனக்கும் அதே அலுப்புத்தான். ஆனால் 1979இல் லண்டனில் வெளிவந்த ஆய்வொன்று இருக்கிறது. வந்த விஷயம் எதுவானாலும், புகைப்பவரிடம் ஓரிரு நிமிடம் விடச் சொல்லி, ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுத்து, "பிறகு விசாரிப்போம்" என்றார்கள். ஒரு வருடம் கழித்து 100க்கு 5 பேர் விட்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லப்படாதவர்களில் 1000க்கு 3 பேர். 100க்கு 5 கொஞ்சமாகத் தெரியலாம். ஒரு வருடத்தில் நம்முடைய வரிசையில் வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். ஓரிரு நிமிடம் ஐயா, ஓரிரு நிமிடம்! "பிறகு விசாரிப்போம்" என்றதையும் கவனியுங்கள். கொப்பியில் எழுதினால் அடுத்த முறை அதைப் பார்த்துக் கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் தம்பி கையைக் காட்டுகிறார், நேரம் போய்விட்டதாம். விட்ட முதல் சில நாட்கள்தான் பெரும்பாடு: எரிச்சல் வரும், நித்திரை வராது. புகையை விட உதவுகிற நிக்கொட்டின் சுவிங்கம் பற்றி விளக்க நினைத்தேன், முடியவில்லை. புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1948, குறித்துக்கொள்ளுங்கள். விட நினைக்கிறவர்கள் கதைக்கலாம். வெற்றிலையோடு போடுகிற புகையிலைக்கு இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.