ஆழம் தெரியாமல் காலை விடாதே
(நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பொங்கல் விழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் அவர்களே, தன் வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே, விடிவதற்கு முன்பே வந்து அடுப்பு மூட்டிய மகளிர் அணியினரே, மைக்கோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். உறுப்பினர் அவர்களுக்குத் தமிழ் ஒரு சொல் புரியாது. ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்து சரியான இடத்தில் தலையாட்டுகிறார். அதற்கே ஒரு கைதட்டல் கொடுக்கலாம்.

‘கோஸ்ட் டு கோஸ்ட்’ போட்டி அனுபவத்தைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி, சாப்பாடு, தண்ணீர் என்று மூன்று விஷயம் பேசப்போகிறேன். செயலாளர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, பார்க்கட்டும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 1983-இல் ராபின் ஜட்கின்ஸ் என்பவர் தொடங்கிய போட்டி இது. மேற்கே குமாரா கடற்கரையில் கிளம்பி, தென் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, கிழக்கே நம் ஊர்க் கடற்கரையில் முடிப்பார்கள். மொத்தம் 243 கிலோமீட்டர். நடுநடுவே சைக்கிள் உண்டு என்றாலும், ஆளைச் சோதிப்பது இரண்டுதான்: டிசெப்ஷன் ஆற்றோரமாக ஏறி கோட் பாஸ் கணவாயைக் கடக்கும் முப்பது கிலோமீட்டர் மலை ஓட்டம், அப்புறம் வைமக்காரிரி ஆற்றில் எழுபது கிலோமீட்டர் கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகு. ஸ்டீவ் கர்னி இதை ஒன்பது முறை வென்றவர். அவரைப் போன்ற சூரர்கள் ஒரே நாளில் முடிப்பார்கள். நான் இரண்டு நாள் பிரிவு.

மலை ஓட்டம் என்றதும் பாதை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி நேரம் ஆறுதான் பாதை. பாறைக்குப் பாறை தாவ வேண்டும், பனி உருகிய தண்ணீரில் திரும்பத் திரும்ப இக்கரை அக்கரை போக வேண்டும். வேகமான இடத்தில் தனியாக இறங்கக் கூடாது. முன்பின் தெரியாத நாலு பேர் கையோடு கை கோத்துக்கொள்வோம். பலசாலி தண்ணீர் வரும் பக்கம் நிற்பார், மற்றவர்கள் அவருக்குக் கீழே, நீரோட்டத்தின் திசையிலேயே வரிசையாக. எல்லோரும் சேர்ந்தே அடியெடுத்து வைப்போம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று என் அத்தை ஓயாமல் சொல்வார். அதை வெள்ளைக்காரர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினார்.

அத்தை என்றதும் அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் போட்டிக்குத் துணைக்கு ஆள் வேண்டும். படகையும் சைக்கிளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்தில் காத்திருக்க வேண்டும். எனக்கு மச்சானும் மனைவியும். கூடவே முசிறியிலிருந்து விருந்துக்கு வந்திருந்த என் அத்தை. போட்டியின் முதல் நாள் இரவு, மலை ஓட்டம் முடியும் க்ளோண்டைக் கார்னரில் கூடாரம். சுற்றிலும் எல்லோரும் பாக்கெட்டில் வரும் ஜெல்லைப் பிதுக்கிக்கொண்டிருக்க, அத்தை தூக்குவாளியைத் திறந்தார். புளிசாதம்! நல்லெண்ணெய் வாசம் போன வேகத்தில் நாங்கள் யாரும் ஓடியதில்லை. பக்கத்துக் கூடாரத்து விவசாயி ஒருவர், ஆறடிக்கு மேலே, தயங்கித் தயங்கி வந்தார். “பாவம், புள்ளை பசியில நிக்குது” என்று அத்தை கையிலேயே உருட்டி வைத்தார். அந்தப் ‘புள்ளைக்கு’ அறுபது வயதிருக்கும். சப்புக்கொட்டித் தின்றவர் மறுநாள் காலையில் தன் தட்டோடு வந்து நின்றார்! (பலத்த சிரிப்பு)

ஆற்றங்கரைக்கு வந்ததும் அத்தையின் முகம் மாறியது. ஹெல்மெட்டையும் மிதவை அங்கியையும் மாட்டிக்கொண்டு படகில் இறங்குகிறவர்களைப் பார்த்தபடியே, “டேய் மருமகனே, நம்ம ஆளுங்கள்ல யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியும், அதுவும் இந்தப் போட்டிக்காகவே கற்றது. மனைவி வானத்தைப் பார்த்தாள். மச்சான் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தான். “என் முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டிக் கெணத்துல தள்ளிவிட்டாங்க, அப்ப எனக்கு ஏழு வயசு. இத்தனை ஆறும் கடலும் இருக்கிற ஊருக்கு வந்து, இத்தனை படிச்சும், உன்னை விட்டா ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாதா?” என்றார். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, நல்லவேளையாகப் படகை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஆறு பல கிளையாகப் பிரிந்து சேரும். பள்ளத்தாக்குக்குள் போனால் தண்ணீர் நேராகப் பாறைச் சுவரில் போய் மோதும். படகைப் பாறைப் பக்கம் தள்ளும்போது நம் உடம்பு தானாகவே எதிர்ப்பக்கம் சாயும். சாய்ந்தால் போச்சு, நீரோட்டம் படகின் விளிம்பை அமுக்கிக் கவிழ்த்துவிடும். பாறையை நோக்கித்தான் சாய வேண்டும். இதைப் பழகி, இரண்டாம் நிலை ஆற்றில், அதாவது ஓரளவு அலையடிக்கும் ஆற்றில், படகோட்டச் சான்றிதழ் வாங்கியவரைத்தான் போட்டியில் சேர்ப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டில் ஆற்றில் மூழ்கிச் செத்தவர்கள் அவ்வளவு பேர். அதனால் அதற்கு ‘நியூசிலாந்துச் சாவு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது சரி. ஆனால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு காலையே விடாமல் இருக்கிறோமே, அதுதான் என் வழக்கு. ஆழம் தெரிந்துகொள் என்றுதான் அதற்குப் பொருள் எடுப்பேன்.

பயிற்சியைப் பற்றிப் பேச நேரமில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் அவர்களிடம் ஒரு கோரிக்கை: கோலப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்குவதுபோல நீச்சல் வகுப்புக்கும் சங்கம் பணம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அம்மாக்களுக்கும்தான். உடை சங்கடம் என்பார்கள். முழுக்கை நீச்சலுடை கடையில் கிடைக்கிறது, பெண்களுக்கென்று தனி நேரமும் கேட்டு வாங்கலாம். நகர மன்ற உறுப்பினர் அவர்கள் இப்போது தலையாட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள். அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன், யாராவது பிறகு அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள். முதல் பெயராக என் மச்சான் பெயரை நானே எழுதிவிட்டேன், அவனுக்கு இன்னும் தெரியாது. நன்றி, வணக்கம்.