மோரிஸ் மைனர் டேஷ்போர்டில் காணாமற்போன மீட்டர்கள் எவை? நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். இன்று ஏற்காட்டிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த 1958ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பித்துவருகிறார். நடுவில் ஸ்பீடோமீட்டர் இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் பக்கத்து கிளவ் பாக்ஸ் (டேஷ்போர்டில் சிறு பொருள்கள் வைக்கும் பெட்டி) மூடியில் இரண்டு அங்குல அகலத்தில் இரண்டு வட்ட ஓட்டைகள் வெறுமையாக இருக்கின்றன, டேஷ்போர்டுக்கு அடியில் சில ஒயர்களும் ஒரு மெல்லிய செம்புக் குழாயும் தொங்குகின்றன. கம்பெனி கொடுத்த எந்தெந்த மீட்டர்கள் காணாமற்போயின என்று கேட்கிறார்.

ஐயா, அந்த இரண்டு மீட்டர்களும் கம்பெனி கொடுத்தவை அல்ல. 1954ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மைனரில் டேஷ்போர்டின் நடுவில் ஒரே பெரிய வட்ட மீட்டர்தான் வந்தது. பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும், ஆயில் பிரஷருக்கும் சார்ஜுக்கும் உரிய எச்சரிக்கை விளக்குகளும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். எனவே தனிப் பெட்ரோல் மீட்டரை நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

ஓட்டையின் விளிம்பும் இதைச் சொல்லும். தொழிற்சாலையில் அச்சு வைத்து வெட்டிய ஓட்டை சீரான வட்டமாக இருக்கும், அதன் உள்விளிம்பு வரை முதல் பெயிண்ட் ஏறியிருக்கும். பின்னாளில் கையால் வெட்டியதில் அரம் பட்ட தடமும், வெறும் தகட்டில் பிடித்த துருவும் தெரியும். மறுபடி பெயிண்ட் அடித்த வண்டியில் முன்பக்கம் நம்மை ஏமாற்றிவிடும் என்பதால் மூடியைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

அப்படியானால் அங்கே என்ன இருந்தது? இதற்கான விடை டேஷ்போர்டில் கிடைக்காது, ஒயரும் குழாயும் போய்ச் சேரும் மறுமுனையில்தான் கிடைக்கும். செம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டே இன்ஜின் வரை செல்லுங்கள். அது இன்ஜின் பிளாக்கில், ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் போய் முடிந்தால், அங்கே இருந்தது ஆயில் பிரஷர் மீட்டர். சிலிண்டர் ஹெட்டிலோ ரேடியேட்டரிலோ ஒரு சிறு உலோகக் குமிழோடு முடிந்தால், அது வெப்பமானி. வெப்பமானியின் குழாயும் குமிழும் மீட்டரும் ஒரே உறுப்பு. உள்ளே ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருப்பதால், குழாயை வெட்டிவிட்டால் வேறொரு மீட்டரை அதில் இணைத்து ஓட்ட முடியாது. ஆகவே அது எதுவென்று தெரியும் வரை அந்தக் குழாயில் கத்தரியை வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒயர்களுக்கு, பிரிட்டிஷ் மின்பொருள் நிறுவனமான லூகாஸின் நிற முறை உதவும். பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக வரும் முதன்மை ஒயர். தடித்த பழுப்பு ஒயர்கள் இரண்டு அந்த ஓட்டை வரை நீண்டு வந்து, முனைகள் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தால், அங்கே மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் இருந்திருக்கிறது. மீட்டரை எடுத்தவர் மின்சாரம் தடைபடாமல் இருக்க முனைகளைச் சேர்த்துவைத்திருக்கிறார். பச்சையில் கறுப்புக் கோடு என்றால் பெட்ரோல் டேங்க் மிதவையிலிருந்து வருவது. சிவப்பில் வெள்ளைக் கோடு, மீட்டரை ஒளியூட்டும் சிறு பல்புக்கு உரியது. ஒயர்களைச் சோதிக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். உங்கள் வண்டி, பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் முறையில் வந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இன்றைய வண்டிக்குப் பழகிய எலக்ட்ரீஷியன் மாற்றி இணைத்துவிடக் கூடும்.

மலைத்தோட்டத்து வண்டியில் இத்தகைய மீட்டர்களைப் பார்த்து நான் வியப்பதில்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாழ்ந்த கியரிலேயே ஏறும் 948 சிசி இன்ஜின் எவ்வளவு சூடாகிறது, ஆயில் பிரஷர் எவ்வளவு இறங்குகிறது என்பதை எச்சரிக்கை விளக்கு எரியும் முன்பே அறிந்துகொள்ள விரும்பிய ஒருவர் அவற்றை வாங்கிப் பொருத்தியிருப்பார். தகடு வைத்து அந்த ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்து மீட்டரே மீண்டும் கிடைத்தால், அது அந்த வண்டி இந்த மலையில் உழைத்ததற்கான அடையாளமாக அங்கேயே இருக்கட்டும்.

கம்பெனி கொடுத்த பொருள்களில் நீங்கள் உண்மையில் சரிபார்க்க வேண்டியவை இழுக்கும் நாப்கள்தான். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவும், ‘சி’ என்ற ஆங்கில எழுத்துள்ள சோக் நாப், ‘எஸ்’ எழுத்துள்ள ஸ்டார்ட்டர் நாப் இரண்டும் உங்கள் ஆண்டு வண்டியில் இருந்தாக வேண்டும், ஏனெனில் அப்போது சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் வசதி மைனருக்கு வரவில்லை. நாப் இல்லாவிட்டாலும், கார்புரேட்டரிலும் ஸ்டார்ட்டர் சுவிட்சிலும் கேபிள் கோக்கும் இடம் இருக்கும்.

செம்புக் குழாயின் மறுமுனையையும் கிளவ் பாக்ஸ் மூடியின் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். அவற்றைப் பார்த்த பிறகு எந்த மீட்டரை வாங்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை எதையும் ஆர்டர் செய்ய வேண்டாம்.