தேசிமரத்தடியில் ஒரு பிள்ளை

வணக்கம்.

மாரி மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கியிருக்கிற தை மாதம். எங்கள் வளவுகளில் வண்ணத்துப்பூச்சிகள் நிறையப் பறக்கிற காலம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரரோடு இதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கத்தான் வந்திருக்கிறேன்.

போன வருடம் என்னுடைய நாலு வயதுப் பேத்தியைத் தெற்கே ஒரு வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரவிரவாகப் பயணம். போய் இறங்கினால் மழை இருட்டு. வண்ணத்துப்பூச்சி வெயிலில் செட்டையை விரித்துச் சூடேறின பிறகுதான் பறக்கும். மழை இருட்டில் எல்லாம் இலைகளுக்கு அடியில் ஒதுங்கிக் கிடந்தன. பிள்ளைக்கு நித்திரையும் பசியும். அழுதழுது திரும்பி வந்தாள். தோட்டத்தில் பிழையில்லை, நாங்கள் போன நாள்தான் சரியில்லை.

வந்து இரண்டு நாளில் கிணற்றடித் தேசிமரத்துக்குக் கீழே நின்று கூப்பிட்டாள். "அம்மம்மா, இலையில காகம் எச்சம் போட்டிருக்கு."

"வடிவாப் பார் குஞ்சு. அசையுது."

கறுப்பும் வெள்ளையுமாக, பார்த்தால் எச்சம்போலவே இருந்த அது ஒரு புழு. குருவிகள் கண்டும் காணாமல் போகட்டும் என்றுதான் அதற்கு அந்தக் கோலம். அன்று தொடங்கியது எங்கள் வேலை. காலையில் பல் தீட்டியதும் தேசிமரம். பின்னேரம் ஒருமுறை. புழு நாலு தரம் தோல் கழற்றியது. கடைசித் தோலோடு பச்சைப் பசேலென்று ஆனது. ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவட்டைக் கொம்பொன்றை நீட்டும். ஒரு நெடியும் வரும். எறும்பையும் வேறு பூச்சிகளையும் துரத்த அது வைத்திருக்கிற ஆயுதம். பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு, அந்த நீளப் பயணத்தில் ஒரு தரமும் நான் கேட்காதது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புழு என்றதும் எங்கள் ஆட்களுக்கு முருங்கை மசுக்குட்டிதான் ஞாபகம் வரும். அது அந்துப்பூச்சியின் புழு. மயிர் பட்டால் கடிக்கும், தடிக்கும். முருங்கையடிக்குப் பிள்ளையை விடாதீர்கள். தேசி, கறிவேப்பிலையில் இருக்கிற மயிரில்லாத இந்தப் புழு தோலில் பட்டால் ஒன்றும் செய்யாது. பிள்ளைக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிக் கொடுத்தால் போதும், புழுவென்றாலே செருப்பைத் தூக்குகிற பழக்கம் வராது.

முதல் புழுவை நான் போத்தலில் போட்டு வளர்த்தேன். அது என் பிழை. கூடு கட்டி, பத்தாம் நாள் காலை வண்ணத்துப்பூச்சி வெளியே வந்தது. வந்ததும் அது எதையாவது பிடித்துத் தொங்க வேண்டும். தொங்கினால்தான் கசங்கின செட்டைக்குள் நீர் பாய்ந்து விரியும். கண்ணாடி வழுக்கி, அடியில் விழுந்து, செட்டை கசங்கினபடியே காய்ந்துவிட்டது. "எப்ப பறக்கும்?" என்று பிள்ளை மத்தியானம் வரைக்கும் கேட்டாள். பறக்காது என்று சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. பட்டிப்பூவில் வைத்து இரண்டு நாள் பார்த்தோம்.

அடுத்த புழுக்களை மரத்திலேயே விட்டு, அந்தக் கொப்புக்குப் பழைய நுளம்புவலைத் துண்டொன்றைக் கட்டினேன். புழு கொப்பில் வாலை ஒட்டி, இடுப்பைச் சுற்றி மெல்லிய நூலொன்றைக் கட்டிச் சாய்ந்துகொள்ளும். ஊஞ்சலில் சாய்ந்திருக்கிற ஆள்மாதிரி. கூடு இலைப்பக்கம் என்றால் பச்சை, காய்ந்த தடியென்றால் மண்ணிறம். கடைசி நாளில் அது கறுத்து, உள்ளேயிருக்கிற செட்டையின் மஞ்சள் புள்ளிகள் தெரியும். அன்று இரவே வலையை அவிழ்த்து வையுங்கள், விடியப் பிள்ளையை எழுப்புங்கள். ஒரு கூட்டிலிருந்து எங்களுக்கு வந்தது சின்னச் சின்னக் குளவிகள்தான். அதையும் மறைக்காமல் காட்டினேன்.

வாய்த்தால் இன்னொன்றும் பாருங்கள். எங்கள் கரையோரங்களில் கறுப்புச் செட்டையில் சிவப்புப் புள்ளியோடு ஒரு பூச்சி ஆறுதலாகப் பறக்கும். அதன் புழு தின்பது ஆடுதின்னாப்பாளை. அந்த நஞ்சு பூச்சியிலும் இருப்பதால் குருவிகள் தொடுவதில்லை. கறிவேப்பிலையில் முட்டையிட வருகிற வேறொரு இனத்தின் பெண் பூச்சிகளில் சில, அதே வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பித் திரியும். எப்படிப் பிரிப்பது? உடம்பைப் பார்க்க வேண்டும். நஞ்சுள்ளதற்கு உடம்பு சிவப்பு, வேடக்காரிக்குக் கறுப்பு. என் பேத்தி இப்போது படலையடியில் நின்று "கள்ளி வாறாள்" என்று கத்துவாள். எருக்கலையைப் பிடுங்கி எறிகிறவர்களும் ஒருமுறை இலையைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும்.

இலங்கையில் ஏறத்தாழ 250 வண்ணத்துப்பூச்சி இனங்கள் உண்டு. சிவனொளிபாதமலையைச் சிங்களத்தில் சமனலகந்த, அதாவது வண்ணத்துப்பூச்சி மலை, என்றும் சொல்வார்கள். அங்கே போக முடிந்தவர்கள் போகலாம். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது பெரிய எண்ணிக்கையில்லை. ஒரு செடிக்கு முன்னால் அவசரமில்லாத அரை மணித்தியாலமும், பக்கத்தில் குந்தியிருக்க ஒரு ஆளும். காலை எட்டு மணிக்குப் பிறகு, வெயில் சுடுமுன்னர். துரத்த விடாதீர்கள், பிடித்தும் கொடுக்காதீர்கள். விரலில் ஒட்டுகிற அந்தத் தூள்தான் செட்டையின் செதில். போனால் திரும்ப முளைக்காது.

மருந்தடிக்கிற விஷயத்தில் தோட்டக்காரரோடு நான் வாதாட வரவில்லை. தேசிக்கன்று நட்டவருக்கு இந்தப் புழு உபத்திரவம்தான், சின்னக் கன்றை மொட்டையடித்துவிடும். வளர்ந்த மரத்துக்கு நாலு புழுவால் ஒன்றும் வராது. வீட்டு வளவில் நிற்கிற அந்த ஒரு மரத்துக்கு மட்டும் மருந்தடிக்காமல் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்று காலை வெளிக்கிடும்போது மரத்தைப் பார்த்தேன். புதுத்தளிரில் குண்டூசித் தலையளவில் மூன்று முட்டை, இளமஞ்சள் நிறத்தில். பேத்தி அப்போது நித்திரை. வீட்டுக்குப் போய்த்தான் காட்ட வேண்டும்.

வணக்கம்.