கூந்தன்குளத்தில் விரால் அடிப்பான்! (ட்யூப் செலவு தனி)

வணக்கம் மக்களே. போன வீடியோவில் தூரத்தில் ஒரு புள்ளியாகக் காட்டினேனே, "அண்ணே, அது செம்பருந்துதானே" என்று ஆளாளுக்குப் போட்டீர்கள். இல்லை. விரால் அடிப்பான்தான், மீன் பிடித்துத் தின்னும் கழுகு. இன்றைக்குப் படத்தோடு வந்திருக்கிறேன்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனது என்னவோ வரித்தலை வாத்துக்காக. விடியுமுன் பாளையங்கோட்டையில் கிளம்பி, மூலைக்கரைப்பட்டி வருவதற்குள் பின் டயர் இறங்கிவிட்டது. என் வண்டியைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. கடை திறக்க ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அண்ணாச்சி ட்யூப்பைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்துவிட்டு மூன்று ஓட்டை என்றார். ஒன்று சரி, இரண்டுகூட சரி, மூன்று எப்படி? ஒட்டுக்கு 80 வீதம் 240 ரூபாயாம். "புது ட்யூப்பே 350 தானே அண்ணாச்சி" என்றேன். "அப்போ புதுசே போட்டிருதேன்" என்று மாட்டிவிட்டார். வாயைக் கொடுத்து 110 ரூபாய் கூடுதலாகப் போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, பறவைக்கு வருவோம். கரையோரம் ஒரு மொட்டைப்பனை. உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு எழும்பி, தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, காலை முன்னால் நீட்டித் தொம்மென்று விழுந்தது பாருங்கள்! மூழ்கியே போச்சு என்று நினைத்தேன். மீனோடு எழும்பி, பறக்கும்போதே நாய் மாதிரி உடம்பை உதறியது. பெயர்தான் விரால் அடிப்பான். பிடித்தது ஜிலேபிக் கெண்டை.

இதற்கு மீன்தான் சாப்பாடு. பிடித்த மீன் வழுக்காதபடி பாதத்தில் முள் முள்ளாகச் செதில். வெளிவிரலைப் பின்னால் திருப்பி, முன்னே இரண்டு பின்னே இரண்டாகக் கவ்வும். அதனால் காடு, மலை என்று இதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. மீன் உள்ள தண்ணீர், பக்கத்தில் உயரமாய் ஓர் இருக்கை, அவ்வளவுதான். ஆறு, குளம், அணை, கடற்கரை எல்லாம் ஒன்றே. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. ஐரோப்பா, ரஷ்யா என்று வடக்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் வந்ததும் தெற்கே இறங்கும். ஆப்பிரிக்காவுக்கும் போகும், நம் நாட்டுக்கும் வரும். பட்டுப்போன பனை எதற்கு என்று வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அத்தனை தூரம் பறந்து வருகிறதுக்கு உட்கார இடம் வேண்டாமா?

ஆங், சொல்ல மறந்துவிட்டேன். மீனைத் தூக்கிப் போகும்போது தலை முன்னால் இருக்கும்படி திருப்பிக்கொண்டது. காற்று எதிர்க்காமல் இருக்கத்தான். என்ன மூளை!

இப்போது செம்பருந்துக்காரர்களுக்கு. செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். இதற்கு மேலே கரும்பழுப்பு, அடியில் வெள்ளை, கண் வழியாக மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. விரித்த இறக்கை ஐந்தடி இருக்கும்.

தின்னும் காட்சி இல்லை. மெமரி கார்டு நிறைந்துவிட்டது. முந்தின நாள் அல்வாக் கடை வீடியோவை அழிக்காதது என் தப்பு. ஆனால் பாய்ச்சல் முழுசாக இருக்கிறது. மெதுவாக ஓடவிடுகிறேன். கண் கோட்டைப் பார்த்துவிட்டு, செம்பருந்து என்று இன்னொரு தடவை போடுங்கள் பார்ப்போம்.